கஜானாவில் காசு, மாடியில் நட்சத்திரம்! 37,000 முறை வானத்தை நோட்டம் பார்த்த ராதா கோவிந்த சந்திரா

மார்கழித் திருவிழாவுக்கு சுசீந்திரம் போயிட்டு, ராத்திரி லேட்டா கோட்டாறு திரும்பின அனுபவம் நாஞ்சில் நாட்டுக்காரங்க எல்லாருக்கும் இருக்கும். பத்தாம் நாள் திருவாதிரை. அன்னிக்கு நள்ளிரவை ஒட்டி மொட்டை மாடிக்குப் போய், தலையை நல்லா அண்ணாந்து பாருங்க. நிலா பளிச்சுனு நிற்கும். அதன் பக்கத்துலயே, செக்கச்சிவக்க ஒரு நட்சத்திரம். அதுதான் திருவாதிரை. ஆங்கிலத்துல பீட்டல்ஜூஸ்.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு விசேஷம் உண்டு. கோட்டாறு இருக்கிறது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 8 டிகிரியில. அதனால திருவாதிரை நட்சத்திரம் கிட்டத்தட்ட நம் நேர் உச்சந்தலைக்கு மேலேயே கடந்து போகும். டெல்லிக்காரருக்கோ லண்டன்காரருக்கோ இந்தக் கொடுப்பினை கிடையாது.

இன்னொரு சங்கதி. இந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் எப்பவும் ஒரே மாதிரி இருக்காது. ஏறும், இறங்கும். 2019-ம் வருஷக் கடைசியில் மங்க ஆரம்பிச்சு, 2020 பிப்ரவரியில் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு மங்கிப்போச்சு. வெடிக்கப்போகுதோன்னு உலகமே பேசிச்சு. அது கக்கின தூசு மேகம் அதன் முகத்தையே கொஞ்சம் மறைச்சிருச்சுன்னு பிறகு விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சாங்க.

சரி, மங்கினது வழக்கத்தைவிட அதிகம்னு எப்படித் தெரிஞ்சது? பழைய கணக்கு கையில இருந்தாத்தானே ஒப்பிட முடியும்? அந்தக் கணக்கில் பெரும்பகுதியை எழுதி வெச்சவங்க ஆய்வகத்துல சம்பளம் வாங்கினவங்க இல்லை. வக்கீல், டாக்டர், வாத்தியார், குமாஸ்தா என்று பகலில் வேற வேலை பார்த்துட்டு, ராத்திரி மாடியில நின்ன அமெச்சூர் வானியலாளர்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக, உலகம் முழுக்க, ஒருத்தரையொருத்தர் முகம் பார்க்காமலேயே எழுதி வெச்ச கணக்கு அது.

அந்தக் கணக்குப்பிள்ளைகளில் ஒருவர்தான் ராதா கோவிந்த சந்திரா. வங்காளத்துக்காரர். அவர் இறந்து 50 வருஷம் தாண்டிவிட்டது. மொட்டை மாடியில் பைனாகுலரோடு நிற்கிற என்னைப் போன்ற ஆட்களுக்கு அவர் மூத்த கூட்டாளி மாதிரி. ஆனா பக்கத்து வீட்டுல கேட்டா அவர் பெயரே தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மூன்று முறை ஃபெயில்

இன்றைக்கு பங்களாதேஷில் இருக்கும் ஜெசோர் நகரத்தை ஒட்டிய பாக்சர் கிராமத்தில், 1878 ஜூலை 16-ம் தேதி பிறந்தார் ராதா கோவிந்தர். பள்ளிப் பாடப்புத்தகத்தில் அக்ஷய் குமார் தத்தா எழுதிய ஒரு கட்டுரை இருந்தது. இந்தப் பிரபஞ்சம் எவ்வளவு பெரியது என்பதைப் பற்றிய கட்டுரை. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அதைப் படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், மறந்தார்கள். இவருக்கு மட்டும் அது மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது.

விளைவு? பகலில் புத்தகத்தைப் பார்ப்பதைவிட, ராத்திரி வானத்தைப் பார்ப்பதில் ஆர்வம் கூடியது. கல்லூரிக்குப் போக அந்தக் காலத்தில் என்ட்ரன்ஸ் பரீட்சையில் தேற வேண்டும். ராதா கோவிந்தர் எழுதினார். ஃபெயில். திரும்ப எழுதினார். திரும்பவும் ஃபெயில். மூன்றாவது முறையும் அதேதான். அத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட்டாச்சு.

இன்றைக்கு நீட்டிலோ, ஜே.இ.இ-யிலோ கோட்டைவிட்டுட்டு, வாழ்க்கையே முடிஞ்சதுன்னு மூலையில் உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கச்சிங்க இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க. பரீட்சையில் தோற்ற இவருடைய குறிப்புகளைத்தான் பின்னாளில் ஹார்வர்டு வாங்கி வைத்துக்கொண்டது.

காசு நோட்டம்

வேலை கிடைத்தது ஜெசோர் கலெக்டர் அலுவலகத்தின் கஜானாவில். வருகிற நாணயங்களில் எது நல்லது, எது கள்ளக்காசு என்று பார்த்துச் சொல்கிற வேலை. நம்ம பழைய தமிழில் இந்த வேலைக்கு அழகான பெயர் உண்டு: நோட்டம் பார்ப்பது. அந்த ஆளுக்கு நோட்டக்காரர் என்று பெயர்.

கோட்டாறு பக்கம் நகைக்கடையில் பழைய நகையைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? உரைகல்லில் நகையை ஒரு கோடு இழுப்பார்கள். பக்கத்திலேயே, தரம் தெரிந்த தங்கத்தாலும் ஒரு கோடு. இரண்டையும் கண்ணால் ஒப்பிட்டு, இது இத்தனை மாற்று என்று சொல்வார்கள். இப்ப மெஷின் வந்தாச்சு. ஆனாலும் பழைய ஆசாரிகள் கண்ணை நம்பித்தான் சொல்வார்கள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ராதா கோவிந்தர் பகலில் நாணயத்தை இப்படி எடை போட்டார். ராத்திரி நட்சத்திரத்தை எடை போட்டார். இரண்டுக்கும் தேவைப்பட்டது ஒன்றேதான். ஏமாறாத கண், பொய் எழுதாத கை.

நட்சத்திரங்களை அடையாளம் காண அவருக்குத் துணையாக இருந்தவர் காளிநாத் முகர்ஜி என்ற வக்கீல். நம் மரபு வானியல் பற்றிப் புத்தகம் எழுதியவர், நட்சத்திர வரைபடம் தயாரித்தவர். கோர்ட்டுக்குப் போகிற வக்கீலும், கஜானாவில் காசு பார்க்கிற ஊழியரும் சேர்ந்து நட்சத்திரம் படித்தார்கள். காலேஜ் இல்லை, புரொபசர் இல்லை. வரைபடமும் இருட்டும்தான் இருந்தது.

ஹாலி வந்தது, டெலஸ்கோப்பும் வந்தது

1910-ம் வருஷம் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. 76 வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிற விருந்தாளி. ராதா கோவிந்தரிடம் இருந்தது ஒரு சின்ன பைனாகுலர். அதை வைத்தே ஹாலியைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். வங்காளப் பத்திரிகையிலும் எழுதினார். சாந்திநிகேதனில் அறிவியல் சொல்லிக்கொடுத்த ஜகதானந்த ராய், இவ்வளவு ஆர்வம் இருப்பவர் ஒரு டெலஸ்கோப் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று யோசனை சொன்னார்.

சொல்வது சுலபம். கஜானா ஊழியர் சம்பளத்தில் லண்டனிலிருந்து டெலஸ்கோப் வாங்குவது என்ன விளையாட்டா? ஆனாலும் வாங்கினார். 1912-ல் 3 அங்குல லென்ஸ் பொருத்திய டெலஸ்கோப் கப்பலேறி வந்தது. 3 அங்குலம் என்றால் ஒரு சின்ன டீ சாஸர் அகலம்கூட வராது. ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு மங்கலான நட்சத்திரங்களை அது காட்டும். அப்போது அவருக்கு வயது 34-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஜூன் மாசம்

1918 ஜூன். வழக்கம்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில், கழுகு மண்டலத்தில் ஒரு புது நட்சத்திரம் பட்டது. நம்ம திருவோண நட்சத்திரம் இருக்கிற பகுதி அது. அங்கே அவ்வளவு வெளிச்சமாக ஒன்று இருந்ததே இல்லை. சந்துபொந்தெல்லாம் தெரிந்த தெருவில் புது வீடு முளைத்தால் உங்களுக்குத் தெரியாதா? அப்படித்தான். வானத்தை மனப்பாடமாக வைத்திருந்ததால், அவருக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிட்டது.

அது ஒரு நோவா. இரண்டு நட்சத்திரங்கள் ஜோடியாகச் சுற்றும்போது, செத்துச் சுருங்கிய ஒன்று மற்றதன் வாயுவை உறிஞ்சும். உறிஞ்சியது சேர்ந்து சேர்ந்து ஒருநாள் குபீரென்று பற்றிக்கொள்ளும். சில நாள்கள் பிரகாசமாக எரிந்துவிட்டு மெதுவாக மங்கும். 1918-ன் நோவா சாதாரணமானது இல்லை. 20-ம் நூற்றாண்டில் வந்த நோவாக்களிலேயே பிரகாசமானது அதுதான். பல நாடுகளில் பலர் தனித்தனியாக அதைக் கண்டார்கள். ஜெசோரில் கண்டவர் நம்மாள்.

பார்த்ததோடு விடவில்லை. அது எப்படி ஏறுகிறது, எப்படி மங்குகிறது என்று குறித்து, அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு எழுதி அனுப்பினார். அதன் இயக்குநராக அப்போது இருந்தவர் எட்வர்டு பிக்கரிங். பட்டமும் பதவியும் இல்லாத ஒரு ஊழியரின் கடிதத்தை அங்கே குப்பையில் போடவில்லை. புத்தகங்களும் நட்சத்திர வரைபடங்களும் அனுப்பினார்கள். 1911-ல் தொடங்கப்பட்டிருந்த அமெரிக்க மாறு விண்மீன் நோக்கர் சங்கத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். சுருக்கமாக ஏஏவிஎஸ்ஓ. அதைத் தொடங்கியவரும் ஒரு வக்கீல்தான், வில்லியம் டைலர் ஆல்காட்.

தபாலில் போன வானம்

அதன்பிறகு நடந்ததைக் கதையாகச் சொன்னால் சலிப்பாக இருக்கும். ஏனென்றால் தினமும் ஒரே வேலை. ராத்திரி மாடி. டெலஸ்கோப். ஒரு மாறு விண்மீனைப் பிடிப்பது. அதன் அக்கம்பக்கத்தில், வெளிச்ச அளவு முன்பே தெரிந்த இரண்டு நட்சத்திரங்களைப் பார்ப்பது. ஒன்று இதைவிடப் பிரகாசம், இன்னொன்று இதைவிட மங்கல். இரண்டுக்கும் நடுவே இது எங்கே நிற்கிறது என்று கண்ணாலேயே மதிப்பிடுவது. தேதி, நேரம், அளவு எழுதுவது. அடுத்த நட்சத்திரம். உரைகல் வித்தையேதான், வானத்தில் செய்தார்.

இதில் ஒரு தர்மம் உண்டு. நேற்று எவ்வளவு எழுதினோம் என்று மனசில் வைத்துக்கொண்டு இன்று பார்க்கக் கூடாது. எதிர்பார்க்கிற எண்ணை எழுதக் கூடாது. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதணும். யாரும் பக்கத்தில் நின்று செக் பண்ணப்போவதில்லை. ஆனாலும் ஏமாற்றக் கூடாது.

அந்தக் குறிப்புகள் அமெரிக்காவுக்குப் போயின. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும்கூடப் போயின. 1954 வரை ஏஏவிஎஸ்ஓ-வுக்கு அவர் அனுப்பிய மதிப்பீடுகள் 37,000-க்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்க. முப்பத்தைந்து வருஷத்துக்குப் பக்கம், ஒருநாள் விடாமல் தினமும் மூன்று. வங்காளத்து மழைக்காலத்தில் மாசக்கணக்கில் வானமே தெரியாது என்பதையும் சேர்த்துக்கோங்க. நம்மால் ஒரு ஆப்பில் நூறு நாள் ஸ்ட்ரீக் வைக்க முடியுதா?

ஒரு டெலஸ்கோப்பின் பயணம்

1926-ல் ஜெசோருக்கு ஒரு பெரிய பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே 6 அங்குல டெலஸ்கோப். லென்ஸின் அகலம் இரண்டு மடங்கு என்றால், அது சேர்க்கும் வெளிச்சம் நான்கு மடங்கு. 3 அங்குலத்தை வைத்தே இவ்வளவு செய்கிறவர் கையில் பெரிய கருவி இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்து ஏஏவிஎஸ்ஓ அனுப்பிவைத்தது.

அந்த டெலஸ்கோப்பின் பழைய சொந்தக்காரர் சார்லஸ் எல்மர். அவரும் அமெச்சூர்தான். நியூயார்க்கில் கோர்ட்டில் நடப்பதைச் சுருக்கெழுத்தில் எடுக்கிற தொழில். இதே எல்மர் பின்னாளில் ரிச்சர்டு பெர்கின் என்பவரோடு சேர்ந்து 1937-ல் தொடங்கியதுதான் பெர்கின் எல்மர் நிறுவனம். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியைச் செய்தது அந்தக் கம்பெனிதான்.

1928-ல் பிரெஞ்சு அரசு ராதா கோவிந்தருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. மூன்று முறை என்ட்ரன்ஸில் ஃபெயிலானவருக்குக் கடல் கடந்து வந்த பட்டம்.

ஊர் போனது, வானம் போகவில்லை

1947. நாடு பிரிந்தது. ஜெசோர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த வயதில் ராதா கோவிந்தருடைய சொந்த ஊர் வேற்று நாடாகிவிட்டது. லட்சக்கணக்கானவர்களைப் போல அவரும் எல்லை தாண்டி இந்தியா வந்தார். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாராசத்தில் குடியேறினார். பாராசத் வழியாகப் போகிற பெரிய சாலைக்குப் பெயரே ஜெசோர் ரோடு. அந்த ரோட்டில் நேராகப் போனால் விட்டுவந்த ஊர். ஆனால் நடுவில் எல்லைக்கோடு.

வீடு, நிலம், தெரிந்த முகங்கள் எல்லாம் அந்தப் பக்கம். அகதியாக வந்த எத்தனையோ பேர் அதோடு உடைந்துபோனார்கள். இவர் புது ஊரிலும் டெலஸ்கோப்போடு நின்றார். அவருடைய நட்சத்திரங்களுக்கு பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. கணக்கு தொடர்ந்தது.

1954-ல் நின்றது. வயது 76. கண் ஒத்துழைக்கவில்லை.

நோட்டம் பார்க்கிறவனுக்குக் கண்தான் முதல். அது மங்கினால்? எப்படியோ சமாளித்து ஏதோ ஒரு எண்ணை எழுதி அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாததை எழுதுவது கள்ளக்காசைக் கஜானாவுக்குள் விடுவது மாதிரி. அவர் நிறுத்திக்கொண்டார். என்னைக் கேட்டால், 37,000 மதிப்பீடுகளைவிட அந்த நிறுத்தம்தான் பெரிசு.

காவலூர் வரை

அப்புறம் அந்த 6 அங்குல டெலஸ்கோப் என்ன ஆச்சு? அவர் வசதியானவர் இல்லை. கடைசிக் காலம் கஷ்டத்தில்தான் கழிந்தது. ஆனாலும் அதை அவர் தன் சொத்தாக நினைக்கவில்லை. நம்பிக் கொடுத்த பொருள், அடுத்த கைக்குப் போகணும். ஏஏவிஎஸ்ஓ கைகாட்டிய ஆளிடம் ஒப்படைத்தார். அந்த ஆள், மணாலி கல்லட் வேணு பாப்பு.

சென்னையில் பிறந்த வேணு பாப்பு அப்போது நைனிடாலில் வானாய்வகத்தை நடத்திக்கொண்டிருந்த இளைஞர். ஹைதராபாதில் மாணவனாக இருந்தபோதே மாறு விண்மீன்களைப் பார்த்துக் கட்டுரை எழுதியவர். ஹார்வர்டில் படிக்கும்போது 1949-ல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். பிறகு கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்தார். நம்ம ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கினார். ஜெசோரிலும் பாராசத்திலும் நின்ற அந்த டெலஸ்கோப், அவர் வழியாகக் கடைசியில் காவலூர் வந்து சேர்ந்தது. இன்றைக்கு அந்த ஆய்வகத்துக்கே வேணு பாப்புவின் பெயர்தான்.

நியூயார்க் கோர்ட்டில் சுருக்கெழுத்து எடுத்தவர் கையிலிருந்து, ஜெசோர் கஜானாவில் காசு பார்த்தவர் கைக்கு. அங்கிருந்து இந்தியாவின் பெரிய வானியலாளர் ஒருவர் கைக்கு. கடைசியில் நம்ம தமிழ்நாட்டு மலைக்கு.

ராதா கோவிந்தர் 1975 ஏப்ரலில் பாராசத்தில் இறந்தார். வயது 96. ஹாலி திரும்ப வந்தது 1986-ல். பதினோரு வருஷத்தில் அதை இரண்டாம் முறை பார்க்கும் வாய்ப்பைத் தவறவிட்டார்.

நீங்களும் நோட்டம் பார்க்கலாம்

இதைப் படிச்சுட்டு ஸ்டேட்டஸ் போட்டு விட்டுடாதீங்க. அவருக்கு அஞ்சலி செலுத்த நினைத்தால் அதுக்கு ஒரு வழி இருக்கு. பைசா செலவில்லை.

ஜனவரி, பிப்ரவரியில் நிலா இல்லாத ஒரு ராத்திரி மாடி ஏறுங்க. திருவாதிரைத் திருநாள் அன்று வேண்டாம், நிலா வெளிச்சம் கெடுத்துடும். கம்போளம் பக்கமோ ரயில்வே ஸ்டேஷன் பக்கமோ வீடு என்றால், தெருவிளக்கு கண்ணில் படாத மூலையாப் பார்த்து நில்லுங்க. போனை 20 நிமிஷம் பாக்கெட்டுக்குள் போடுங்க. திரை வெளிச்சம் பட்டால் கண் இருட்டுக்குப் பழகினது வீணாப்போகும்.

வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அதற்கு வடக்கே சிவப்பாக இருப்பது திருவாதிரை. தெற்கே நீல வெள்ளையாக இருப்பது ரைஜெல். வடமேற்கே கொஞ்சம் தள்ளி ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. இப்போ உங்கள் கண்ணே உரைகல். ரைஜெலின் வெளிச்ச அளவு 0.1. ரோகிணி 0.9. எண் கூடினால் மங்கல் என்று அர்த்தம். திருவாதிரை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது? பாதியில் என்றால் 0.5. ரோகிணி பக்கம் சாய்ந்தால் 0.7. சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது கூடுதல் பிரகாசமாகத் தோன்றும். அதனால் ஒரு பார்வை இங்கே, ஒரு பார்வை அங்கே. எழுதுங்க. தேதி, நேரம் மறக்காதீங்க. பத்து நாள் கழிச்சுத் திரும்பப் பாருங்க.

ஏஏவிஎஸ்ஓ இன்னமும் இயங்குகிறது. இப்போ தபால் வேண்டாம், போனிலிருந்தே அனுப்பலாம். அங்கே கோடிக்கணக்கான மதிப்பீடுகள் சேர்ந்து கிடக்கின்றன. அவற்றின் நடுவே ஜெசோர் மாடியிலிருந்து ஒருவர் எழுதியவையும் இருக்கின்றன. அதே கணக்கில் அடுத்த வரி கோட்டாறிலிருந்து போகலாம்.

ஒரே ஒரு விதிதான். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்க மக்கா. தெரியலைன்னா, தெரியலைன்னு விட்டுடுங்க. அவர் அப்படித்தான் விட்டார்.